மைனஸ் 12

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லினக்ஸ் கெர்னலின் 2.6 வரிசை ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம். கல்லூரியில் சி மொழி படித்த எல்லோரையும் போல எனக்கும் மாலாக் தெரிந்திருந்தது. மெமரி கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நல் பாயிண்டர் வரும். அதைச் சோதிக்க ஓர் 'இஃப்' வரி எழுத வேண்டும், எழுதாவிட்டால் செமஸ்டர் தேர்வில் மதிப்பெண் போய்விடும். அந்த 'இஃப்' உண்மையாகி உள்ளே நுழைந்ததை நான் பார்த்ததில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

பார்க்க வாய்ப்பும் குறைவு. லினக்ஸில் சாதாரண நிரல்கள் மெமரி கேட்டால் கெர்னல் பெரும்பாலும் தலையாட்டிவிடும். கையிருப்பைவிடக் கூடுதலாகவே வாக்குக் கொடுக்கும். கேட்டவர் அந்த இடத்தில் எதையாவது எழுதப் போகும்போதுதான் ஒவ்வொரு பக்கமாக எடுத்துத் தரும். வாக்கு வாங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வந்து நின்றால் ஓஓஎம் கில்லர் கிளம்பும்; ஏதாவது ஒரு நிரலைக் கொன்று அதன் இடத்தைப் பிடுங்கும். ஆக, நிரல் எழுதுபவர் 'இல்லை' என்ற பதிலைக் கேட்பதே அபூர்வம். ஒன்று எல்லாம் கிடைக்கிறது, இல்லாவிட்டால் உயிர் போகிறது.

கெர்னலுக்குள் அந்தச் சொகுசு கிடையாது. அது தனக்கென்று கேட்கும் மெமரியை அப்போதே, நிஜமாகவே எடுத்து வைத்தாக வேண்டும். கேமாலாக் என்ற ஃபங்ஷன் நல் என்று திருப்பினால், கேட்டவர் அதுவரை எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, தன்னை அழைத்தவரிடம் மைனஸ் ஈநோமெம் என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். ஈநோமெம்மின் எண் 12. கருவி தொடங்கும்போது ஓடும் வரிகளில் எங்காவது மைனஸ் 12 தென்பட்டால் எங்கள் பிரிவில் எல்லோருடைய கழுத்தும் அந்தத் திரைப்பக்கம் திரும்பும்.

கேட்கும் இடத்தைப் பொறுத்தும் பதில் மாறும். ஒரு ப்ராசஸுக்காக வேலை செய்யும்போது ஜிஎஃப்பி கெர்னல் என்ற கொடியோடு கேட்கலாம். கெர்னல் உங்களைத் தூங்கவைத்துவிட்டு, பழைய பக்கங்களை வட்டுக்கு எழுதி, இடம் தேடிக் கொடுக்கும். இன்டரப்ட்டைக் கவனிக்கும்போது தூங்க முடியாது. அங்கே ஜிஎஃப்பி அட்டாமிக். அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுக்க அதற்கு உரிமை உண்டு. காத்திருக்க உரிமை இல்லை. இருந்தால் இப்போது கொடு, இல்லையென்றால் இப்போதே இல்லை என்று சொல். நெட்வொர்க் டிரைவர்களின் பிழைப்பு முக்கால்வாசி இந்த அட்டாமிக் உலகத்தில்தான்.

எங்கள் குழுவின் மூத்தவர் அதற்கு முன் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கான மென்பொருள் எழுதியவர். அங்கே கருவி ஓடத் தொடங்கிய பிறகு மெமரி கேட்கும் வழக்கமே இல்லையாம். எத்தனை லைன், எத்தனை ட்ரங்க், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை அழைப்பு என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கூட்டம் அதிகமானால்? "டயல் டோனை லேட்டா குடுப்போம்" என்பார். பேசிக்கொண்டிருப்பவர்களின் இணைப்பு அறுபடாது. புதிதாக ரிசீவரை எடுப்பவருக்குத்தான் காத்திருப்பு. கெர்னல் நிரலைப் படிக்கும்போதும் அவர் அந்த எக்ஸ்சேஞ்ச் கண்ணைக் கழற்றவே இல்லை. மெமரி கேட்கும் வரியின் மேல் விரலை வைத்து, "ஏம்மா, இந்த எடத்துல இல்லைன்னுட்டா என்ன பண்ணுவ?" என்பார். நல்லா என்று பார்க்கும் வரியைக் காட்டினால் திருப்தி அடையமாட்டார். "அது சரி, அதுக்கு முன்னாடி யாருக்கு என்ன வாக்குக் குடுத்திருக்க?"

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு ஒரு வாடிக்கையாளர் புகாரில்தான் விளங்கியது.

வடக்கே ஒரு வாடிக்கையாளர். எங்கள் கருவியில் ஒரு போர்ட் சில நாட்களுக்கு ஒருமுறை செத்துவிடுகிறது என்றார்கள். செத்துவிடுகிறது என்றால் விளக்கு எரிகிறது, கேபிள் சரி, எதிர்முனை ஸ்விட்ச் இணைப்பு இருக்கிறது என்கிறது. பாக்கெட் மட்டும் உள்ளே வருவதில்லை. இன்டர்ஃபேஸை ஒருமுறை இறக்கி ஏற்றினால் உயிர் வந்துவிடும். அவர்களே ஒரு வழி கண்டுபிடித்து, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ரீபூட் செய்துகொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் பாதிப் பிழைகள் இப்படி ரீபூட்டின் நிழலில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

அவர்கள் அனுப்பிய பதிவில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. ஸ்வாப்பர், பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 2. கீழே நீளமாக அழைப்புகளின் வரிசை. சப்போர்ட் பிரிவில் இருந்தவர்கள் ஸ்வாப்பர் என்ற பெயரைப் பார்த்ததும் ஸ்வாப் வட்டில் கோளாறு என்று முடிவுகட்டி, அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். அந்தக் கருவியில் ஸ்வாப்பே கிடையாது. ஸ்வாப்பர் என்பது சிபியு சும்மா இருக்கும்போது ஓடும் வெற்று டாஸ்க்கின் பெயர், பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. பாக்கெட் வந்து இன்டரப்ட் அடித்த நொடியில் சிபியுவில் யார் இருந்தார்களோ அவர்கள் பெயர் பதிவாகிவிடுகிறது. சம்பவ இடத்தில் நின்றிருந்த குற்றத்துக்குப் பெயர் வரும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது ஆர்டர் 2. லினக்ஸ் மெமரியை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், 4 கேபி. ஆர்டர் 1 அடுத்தடுத்த இரண்டு பக்கம், ஆர்டர் 2 நான்கு பக்கம், அதாவது ஒட்டினாற்போல் 16 கேபி. வாடிக்கையாளர் ஜம்போ ஃப்ரேமைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட்டுக்கு 9000 பைட். அதோடு கெர்னல் தன் குறிப்புகளுக்கு வைத்துக்கொள்ளும் சிறு இடத்தையும் சேர்த்தால் 8 கேபியில் அடங்காது, அடுத்த அளவான 16 கேபிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எங்கள் டிரைவர் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் அட்டாமிக்காக.

பக்கங்கள் இல்லாமலில்லை. ப்ராக் கோப்பகத்தில் பட்டி-இன்ஃபோ என்று ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு ஆர்டரிலும் எத்தனை துண்டு மிச்சம் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். போர்ட் செத்திருந்தபோது எடுத்ததில் முதல் இடத்தில் ஆயிரத்துச் சொச்சம், இரண்டாவதில் சில நூறு, மூன்றாவதிலிருந்து கடைசிவரை சுழியம். ஐந்து எம்பிக்கு மேல் காலி. ஆனால் எங்கும் நான்கு பக்கம் சேர்ந்தாற்போல் இல்லை. இரவில் பேக்கப் ஓடும்போது பெரிய பெரிய கோப்புகள் வந்து மெமரி முழுவதையும் கேஷ் நிரப்பிவிடும். பிறகு அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாகும். ஆகவே பகலில் எந்தச் சோதனையிலும் இது சிக்கவில்லை.

சரி, மெமரி கிடைக்கவில்லை. நல் வந்தது. எங்கள் டிரைவர் அதைச் சரியாகவே சோதித்தது. கருவி விழவில்லை, கெர்னல் ஊப்ஸ் என்று கத்தவில்லை. பிறகு ஏன் போர்ட் சாக வேண்டும்?

நெட்வொர்க் கார்டுக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு ரிங் இருக்கும். எங்களுடையதில் 256 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு காலி பஃபரை டிரைவர் வைத்திருக்கும். பாக்கெட் வந்தால் கார்டு அதை அந்த பஃபரில் எழுதிவிட்டு இன்டரப்ட் அடிக்கும். டிரைவர் அந்த பஃபரை எடுத்து மேலே ஐபி அடுக்குக்குக் கொடுத்துவிட்டு, காலியான இடத்துக்குப் புதிய பஃபர் வாங்கி வைக்க வேண்டும். பழைய ஆள் யாரோ எழுதிவிட்டுப் போயிருந்த நிரலில் வரிசை அப்படியேதான் இருந்தது: முதலில் பாக்கெட்டை மேலே கொடு, பிறகு புதிய பஃபர் கேள், கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடு, அடுத்த இன்டரப்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இரவு பேக்கப்பின்போது இரண்டு இடம் காலி, நான்கு இடம் காலி என்று ரிங் மெல்ல மெல்ல வறளும். கடைசியில் 256 இடமும் காலியான நேரத்தில் கார்டுக்கு எழுத இடமில்லை. எழுத இடமில்லாவிட்டால் பாக்கெட்டைத் தானே கீழே போட்டுவிடும், இன்டரப்ட் அடிக்காது. இன்டரப்ட் வராவிட்டால் டிரைவர் ரிங்கை நிரப்பப் போவதில்லை. காலையில் மெமரி தாராளமாகக் காலியாகிவிட்டாலும் கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியவர், அடுத்த முறை என்று ஒன்று வராமலே போகலாம் என்பதை யோசிக்கவில்லை.

மூத்தவர் அந்த ஃபங்ஷனைத் திரையில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாக்கெட்டை மேல தூக்கிக் குடுத்துட்டு அப்புறம் பஃபர் கேக்கறான் பாரு. பந்தியில இலை போட்டு உக்கார வெச்சிட்டு, உள்ள போய் சோறு இருக்கான்னு பாக்கற மாதிரி."

திருத்தம் மிகச் சிறியது. வரிசையைத் தலைகீழாக்கினோம். பாக்கெட் வந்தவுடன் முதலில் புதிய பஃபரைக் கேள். கிடைத்தால் பழையதை மேலே கொடு, புதியதை ரிங்கில் வை. கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டைத் தூக்கி எறி. அதன் பஃபரையே மறுபடி ரிங்கில் வை. ரிங்கில் ஒருபோதும் ஓட்டை விழாது. ஒரு பாக்கெட் போனால் குடி முழுகிப் போகாது. டிசிபி திரும்ப அனுப்பிக்கொள்ளும், அதற்குத்தானே அது இருக்கிறது. ரிங்கே போனால் யாராலும் திரும்ப அனுப்ப முடியாது. வேறு சில டிரைவர்களில் ஒரு டைமர் அவ்வப்போது எழுந்து ரிங்கை நிரப்பப் பார்க்கும். அதுவும் செல்லும், ஆனால் இந்த முறையின் எளிமை அதில் இல்லை.

அதோடு இன்னொன்றும் செய்தோம்: 16 கேபி கேட்பதையே நிறுத்தினோம். 9000 பைட்டை மூன்று தனித்தனிப் பக்கங்களில் வாங்கிக்கொள்ள அந்த கார்டுக்குத் தெரிந்திருந்தது. யாரும் அதனிடம் கேட்காததுதான் குறை. ஆர்டர் 0 பக்கங்கள் எங்கே இருந்தாலும் போதும். ஞாயிற்றுக்கிழமை ரீபூட்டை வாடிக்கையாளர் நிறுத்தினாரா என்று தெரியாது. பழக்கமாகிவிட்டால் சிலர் விடமாட்டார்கள்.

இதற்குப் பிறகு நான் பிழைப் பாதைகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கெர்னல் நிரலில் கோட்டூ என்ற கட்டளைக்குத் தாராள இடம் உண்டு. கல்லூரியில் அதைத் தீண்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இங்கே அதில்லாமல் ஒரு டிரைவரைப் பார்க்க முடியாது. தொடக்க ஃபங்ஷனில் ஐந்து பொருள்களை வரிசையாக எடுப்பீர்கள். நான்காவது கிடைக்காவிட்டால் மூன்று, இரண்டு, ஒன்று என்ற வரிசையில் திருப்பித் தர வேண்டும். ஃபங்ஷனின் அடியில் லேபிள்கள் அந்தத் தலைகீழ் வரிசையில் அடுக்கியிருக்கும்; எங்கே தவறியதோ அதற்குரிய லேபிளுக்குத் தாவினால், அங்கிருந்து வழுக்கிக்கொண்டே கீழே வந்து எல்லாவற்றையும் விட்டுவிடலாம். நன்றாக எழுதினால் படிக்கவே அழகாக இருக்கும். ஆனால் யாராவது நடுவில் ஆறாவது பொருளை நுழைத்துவிட்டு லேபிளை வேறு இடத்தில் வைத்துவிட்டால், அந்தத் தவறு பல ஆண்டுகள் அங்கேயே குடியிருக்கும். அந்த வழியாக யாரும் நடப்பதே இல்லையே.

நடக்க வைப்பதற்கு ஒரு கருவி 2007இல் வந்த 2.6.20 பதிப்பில் கிடைத்தது. ஃபெயில்ஸ்லாப் என்று பெயர். மெமரி தாராளமாக இருக்கும்போதே, நூற்றுக்கு இத்தனை முறை இல்லை என்று பொய் சொல்லச் சொல்லலாம். எத்தனை முறை, எந்த இடைவெளியில், எந்த ப்ராசஸுக்கு மட்டும் என்றெல்லாம் குறிப்பிடலாம். முழுக் கருவிக்கும் போட்டால் கருவி தொடங்கவே தொடங்காது. ஒரு ஷெல்லை மட்டும் குறிவைத்துப் பொய் சொல்ல வைத்து, அந்த ஷெல்லிலிருந்து டிரைவரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம்.

எங்கள் மாடியில் அது ஓடிய வாரம் கலகலப்பான வாரம். விடுவித்ததையே மறுபடி விடுவிக்கும் வரிகள், பூட்டைத் திறக்காமல் வெளியேறும் வரிகள், உருவாக்காத டைமரை நிறுத்தப் போகும் வரிகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ரிவ்யூவில் எல்லோரும் பார்த்துத் தலையாட்டிய நிரல்தான் அத்தனையும்.

அதில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. எங்கள் கருவியில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் மேலாண்மை நிரலுக்கு ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது நிறுவன விதி. ஆகவே, மெமரி கிடைக்காத இடங்களில் எல்லாம் ஒழுங்காக அந்த அறிவிப்பு ஃபங்ஷனை அழைத்திருந்தார்கள். அறிவிப்பை அனுப்ப ஒரு பஃபர் தேவை. அந்த பஃபரும் கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு கோளாறுதானே? அதையும் அறிவிக்க வேண்டும். ஃபங்ஷன் தன்னையே அழைத்தது. மெமரி இல்லை என்று சொல்ல மெமரி கேட்டது. இல்லை என்றதும் அதையும் சொல்லக் கேட்டது. அந்த 32 பிட் கருவியில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கெர்னல் ஸ்டாக் 8 கேபிதான். கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வழிந்து பக்கத்தில் இருந்ததைத் தின்றுவிட்டது. ஊப்ஸில் ஒரே ஃபங்ஷன் பெயர் திரை முழுக்க அடுக்கடுக்காக நின்றதைப் பார்த்து மூத்தவர், "விசுவாசமான ஃபங்ஷன்" என்றார். கடைசியில் ஓர் எண்ணி மட்டும் வைத்தோம். மெமரி கிடைக்காதபோதெல்லாம் அதில் ஒன்று கூடும். மேலாண்மை நிரல் தனக்கு நேரம் கிடைக்கும்போது வந்து படித்துக்கொள்ளும். தவிர, மெமரி தீர்ந்தது என்று டிரைவர்கள் தனியாக எழுதத் தேவையே இல்லை. ஒதுக்கும் பகுதியே அழைப்பு வரிசையோடு விவரமாக எழுதிவிடுகிறது. இன்று பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் அப்படி எழுதினால் தேவையற்றது என்று எச்சரிக்கும்.

இத்தனையும் அட்டாமிக் கோரிக்கைகளையும் பொய்த் தோல்விகளையும் பற்றிய கதை. தூங்கக்கூடிய ஜிஎஃப்பி கெர்னல் கோரிக்கைகள் எங்கள் கருவிகளில் நிஜமாகவே தோற்றதை நான் பார்த்ததே இல்லை. எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். 2014 டிசம்பரில்தான் காரணம் ஊருக்கே தெரிந்தது.

டெட்சுவோ ஹாண்டா என்பவர் மெமரி தீர்ந்த நேரத்தில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பமைப்போடு கணினி அப்படியே உறைந்துவிடுவதைக் காட்டினார். துருவிப் பார்த்தபோது நினைவக மேலாண்மைப் பகுதியைப் பராமரித்தவர்கள் ஒன்றைச் சாவகாசமாகச் சொன்னார்கள்: எட்டு பக்கம் வரையிலான கோரிக்கைகள், அதாவது 4 கேபி பக்கங்கள் என்றால் 32 கேபி வரை, பொதுவாகத் தோற்பதில்லை. கேட்டவரையே ஓஓஎம் கில்லர் பலிக்குத் தேர்ந்தெடுத்தால்தான் நல் வரும். மற்றபடி கிடைக்கும்வரை கெர்னல் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பராமரித்த டேவ் சின்னருக்கு இது ஏற்கும்படியாக இல்லை. தோற்கவே கூடாதவர்களுக்கென்று நோஃபெயில் என்ற தனிக் கொடி இருக்கிறது, அதைப் போடாத எல்லாக் கோரிக்கையும் தோற்கலாம் என்று நம்பித்தான் கோப்பமைப்புக்காரர்கள் எழுதிவந்திருக்கிறார்கள்.

உறைந்ததற்குக் காரணம் எளியது. ஒரு ப்ராசஸ் கோப்பமைப்பின் ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே மெமரி கேட்கிறது. மெமரி இல்லை, ஓஓஎம் கில்லர் வேறொரு ப்ராசஸைக் கொல்லத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பலியாளோ, அதே பூட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு கிடைக்காமல் அதனால் சாகக்கூட முடியாது. முதல் ப்ராசஸ், பலியாள் செத்து மெமரி வரட்டும் என்று பூட்டை விடாமல் நிற்கிறது. முதலாமவருக்கு இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் பூட்டை விட்டுவிட்டு வெளியே போயிருப்பார்.

கெர்னல் தோற்காமல் காத்தது டிரைவர் எழுதுபவர்கள் மேல் வைத்த இரக்கம் என்று சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரக்கத்தால்தான் ஆயிரக்கணக்கான பிழைப் பாதைகள் ஒருமுறைகூட ஓடாமல் துருப்பிடித்தன. பிறகு அதைத் திரும்பப் பெறலாம் என்று பார்த்தால் முடியவில்லை: 2015 மார்ச்சில் பாஸ்டனில் கோப்பமைப்பு, நினைவகக்காரர்கள் கூடியபோது சிறு கோரிக்கைகளையும் தோற்க விடலாமா என்று பேசப்பட்டது, விட்டால் அத்தனை துருவும் ஒரே நாளில் வெளியே வரும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. கடைசியில் வேறு பக்கமாக வந்தார்கள். 2016இல் வந்த 4.6 பதிப்பில் மிகல் ஹோக்கோ ஓஓஎம் ரீப்பர் என்ற கெர்னல் த்ரெட்டைச் சேர்த்தார். பலியாள் தானே சாகும்வரை காத்திராமல், அதன் மெமரியை முன்கூட்டியே உருவிக்கொள்வது அதன் வேலை.

தோற்கவே கூடாத இடங்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. மெமரியைக் காலி செய்யப் பக்கங்களை வட்டுக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கே கொஞ்சம் மெமரி வேண்டும். அங்கே இல்லை என்றால் எல்லோருக்கும் இல்லை. அதற்காகத்தான் வட்டு அடுக்கில் மெம்பூல் வந்தது: குறைந்தபட்சம் இத்தனை பொருள் எப்போதும் ஒதுக்கியே இருக்கும், ஒன்று முடிந்தால் அது திரும்பி வரும், ஆகவே காத்திருந்தால் கட்டாயம் கிடைக்கும். எங்கள் மூத்தவர் அதைப் படித்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷத்துக்கு முன்னாடியே செய்தோம் என்று சொல்லாமல் இருக்கவில்லை. ஜர்னலில் பாதி எழுதிய மாற்றத்தை நடுவில் விட முடியாத கோப்பமைப்புகள் நோஃபெயில் கேட்கின்றன. எக்ஸ்எஃப்எஸ் நீண்ட காலம் தன்னிடமே ஒரு சுழல் வைத்திருந்தது; கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும், நூறு முறைக்கு ஒரு தடவை முட்டுக்கட்டை போலிருக்கிறது என்று பதிவில் ஒரு வரி எழுதும். அப்படித் தனித்தனியாகச் சுற்றுவதைவிட அந்தக் கொடியைப் போடுங்கள், எங்களுக்காவது தெரியும் என்று நினைவகக்காரர்கள் தங்கள் நிரலின் குறிப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரஸ்ட் மொழியைக் கெர்னலுக்குள் கொண்டுவரும் முயற்சி 2021 ஏப்ரலில் முதன்முதலாக முன்வைக்கப்பட்டபோது லைனஸ் டோர்வால்ட்ஸ் முதலில் கை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. அந்த மொழியின் வழக்கமான நூலகத்தில் மெமரி கிடைக்காவிட்டால் நிரலே நின்றுவிடும். பயனர் நிரலுக்கு அது போதும், கெர்னலில் அப்படி ஒரு டிரைவர் நடந்துகொள்வதை ஏற்கவே முடியாது என்றார். 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு ரஸ்ட் உள்ளே வந்தபோது, தோல்வியைத் திருப்பித் தரும் வடிவங்களோடுதான் வந்தது. இப்போது அதில் மெமரி கேட்டால் ஜிஎஃப்பி கொடியையும் கொடுக்க வேண்டும். வரும் பதிலில் தோல்வி இருக்கலாம் என்பதை மொழியே நினைவூட்டிக்கொண்டிருக்கும். பாதியில் வெளியேறினால் எடுத்ததெல்லாம் தானாகவே விடுபடும். கோட்டூ லேபிள் அடுக்கிப் பழகிய எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இதெல்லாம் படித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் போன வருடம் என் குழுவில் சேர்ந்தார். சி மொழியில் எழுதிய டிரைவர் பேட்ச் ஒன்றை எனக்கு ரிவ்யூவுக்கு அனுப்பினார். தொடக்க ஃபங்ஷனில் முதலில் நெட்வொர்க் சாதனத்தை ரெஜிஸ்டர் செய்துவிட்டு, அதன் பிறகு வொர்க்க்யூவையும் புள்ளிவிவர அட்டவணைகளையும் ஒதுக்கியிருந்தார். ரெஜிஸ்டர் ஆன நொடியிலிருந்து அந்தச் சாதனம் ஊருக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம், பாக்கெட் அனுப்பலாம். அப்புறம்தான் அட்டவணைக்கு மெமரி கேட்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"மேம், எட்டு பேஜுக்குக் கீழ கேட்டா ஃபெயிலே ஆகாதுன்னு படிச்சேனே. அந்த எரர் பாத்தே எதுக்குன்னுதான் யோசிக்கறேன்."

படித்தது சரிதான். ஆனால் அது இன்றைய கெர்னல் நடந்துகொள்ளும் விதம், யாரும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தமில்லை. கண்டெய்னர்களுக்கு மெமரி வரம்பு போட்ட இடங்களில், அந்தக் கணக்கில் எழுதப்படும் சிறு கோரிக்கைகள்கூட வரம்பைத் தொட்டதும் தோற்கலாம். பலியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ப்ராசஸ் கேட்டாலும் தோற்கும். இதை வாயால் சொல்வதைவிட ஓட்டிக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. 2017 வாக்கில் கெர்னலில் ஃபெயில்-என்த் என்று ஒன்று சேர்ந்திருந்தது. இந்த ப்ராசஸ் கேட்கும் இத்தனையாவது கோரிக்கை தோற்கட்டும் என்று ஓர் எண்ணை எழுதினால் போதும். ஒன்றில் தொடங்கி எண்ணை ஏற்றிக்கொண்டே போனால், மெமரி கேட்கும் ஒவ்வொரு வரியும் ஒரு தடவை நிச்சயமாகத் தோற்கும். ஃபெயில்ஸ்லாப்பில் இருந்த குருட்டு அதிர்ஷ்டம் இதில் இல்லை. பக்கத்து ஜன்னலில் புதிய சாதனம் தென்பட்டவுடன் அதைத் திறக்கும் ஒரு சின்ன ஸ்க்ரிப்டை ஓடவிட்டு, டிரைவரை ஏற்றச் சொன்னேன்.

முதல் சில எண்களில் மைனஸ் 12 ஒழுங்காக வந்தது. அடுத்ததில், மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் சிவப்பாகக் கக்கியது: விடுவித்த மெமரியை யாரோ படிக்கிறார்கள். திறந்த சாதனத்தின் வழியாக ஒரு பாக்கெட் போய்க்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் அட்டவணை கிடைக்காமல் பிழைப் பாதை மற்றதையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்தது. அவர் அழைப்பு வரிசையை மேலும் கீழுமாக இரண்டு முறை படித்தார். "அப்போ ரெஜிஸ்டருக்கு முன்னாடியே எல்லாத்தையும் வாங்கிடணுமா மேம்?" என்றார்.

சாயங்காலம் அடுத்த பதிப்பு வந்தது. ரெஜிஸ்டர் செய்யும் வரி ஃபங்ஷனின் கடைசிக்குப் போயிருந்தது. அது கடைசியில் போனதால் அதைத் திரும்ப எடுக்கும் லேபிளும், பறந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகள் முடியும்வரை காத்திருக்கும் ஏழெட்டு வரிகளும் தேவையற்றுப் போய், பேட்ச்சில் சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகமாக இருந்தன.